வேலியில் காய்க்கும் தேய்ப்பு நார்

1. மழை பெய்த இரவு

கிழக்கேகோட்டை. ஒரு பக்கம் பழவங்காடிப் பிள்ளையார் கோயில். ஒரு பக்கம் சாலைக் கடைத்தெரு. ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த காலத்தில் உண்டான கடைத்தெரு இது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இங்கே தமிழும் மலையாளமும் கலந்தே காதில் விழும்.

கடைத்தெருவை ஒட்டி ஒரு சந்து. சந்தில் ஒரு சின்ன வீடு. அந்த வீட்டில் ஒரு மாமியார், ஒரு மருமகள். மருமகளின் கணவர் சாலையில் சுமை தூக்குகிறார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர்.

அது ஆனி மாதம். ஓர் இரவு விடாமல் மழை பெய்தது. ஓடை நிரம்பியது. தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அரிசிச் சாக்கு நனைந்தது. மூத்த பிள்ளையின் பாடப் புத்தகங்களும் நனைந்தன.

விடிந்ததும் மருமகள் ஒரு கம்பியை எடுத்தாள். ஓடையின் அடைப்பைக் குத்தி எடுத்தாள். பால் கவர் வந்தது. பாட்டில் வந்தது. ரோஸ் நிறத்தில் ஒரு பந்து வந்தது. அது குளிக்கும்போது உடம்பு தேய்க்கும் பிளாஸ்டிக் நார்.

மருமகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, இது நான் போட்டதுதான். போன மாசம் பிய்ஞ்சு போச்சுன்னு வெளியே எறிஞ்சேன்."

"மக்களே, நீ மட்டுமா எறிஞ்சே? எல்லாரும்தான் எறியுதாங்க. எங்க ஊரில நாங்க நார் காசு கொடுத்து வாங்கினதே இல்ல. வேலியில காய்க்கும். பறிச்சு, உரிச்சு, தேய்ப்போம். பிய்ஞ்சு போனா உரக்குழியில போடுவோம். மண்ணாப் போயிடும்."

"வேலியில நார் காய்க்குமா அத்தை?"

"பீர்க்கங்காய்தான் மக்களே."

மாமியாரின் ஊர் ஆரல்வாய்மொழிப் பக்கம். 1956-ஆம் ஆண்டு வரை அந்த ஊரும் திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சியில்தான் இருந்தது.

அந்த மாமியார் சொன்ன வேலையைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

2. எந்தப் பீர்க்கு?

பீர்க்கில் முக்கியமாக இரண்டு வகை உண்டு.

ஒன்று, வரிப்பீர்க்கு. இதன் மேல் நீளமாக வரிகள் இருக்கும். நாம் சந்தையில் அதிகம் வாங்குவது இதுதான்.

இன்னொன்று, நுரைப்பீர்க்கு. இதை மெழுகுபீர்க்கு என்றும் சொல்வார்கள். இதன் தோல் வழவழப்பாக இருக்கும். வரிகள் எழும்பி நிற்காது. மலையாளத்தில் பீர்க்கங்காயைப் பீச்சிங்கா என்பார்கள்.

நாருக்கு ஏற்றது நுரைப்பீர்க்கு. இதன் தோல் எளிதாக உரியும். நார் பருமனாக இருக்கும். வரிப்பீர்க்கிலும் நார் உண்டு. ஆனால் வரிகளின் இடுக்கில் தோல் ஒட்டிக்கொள்ளும். உரிப்பது சிரமம்.

இரண்டையும் பிஞ்சில் சமைக்கலாம். கூட்டு வைக்கலாம். தோலில் துவையல் அரைக்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது. காய் கசந்தால் சாப்பிடக் கூடாது. கசப்பில் நஞ்சு உண்டு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சமைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் காயைச் சமைக்காதீர்கள்.

3. காய்க்குள் நார் எப்படி வருகிறது?

நம் உடம்பில் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. செடிக்கும் குழாய்கள் உண்டு. வேர் எடுக்கும் நீரும் இலை செய்யும் உணவும் அந்தக் குழாய்களில் ஓடும். பீர்க்கங்காய்க்குள் இந்தக் குழாய்கள் வலை போலப் பின்னிக் கிடக்கின்றன.

பிஞ்சில் குழாய்கள் மென்மையாக இருக்கும். அதனால் கடித்துச் சாப்பிட முடிகிறது. காய் முற்ற முற்ற குழாய்கள் மரம் போலக் கெட்டியாகும். சதை வற்றும். கடைசியில் தோலும் வலையும் விதையும்தான் மிஞ்சும். அந்த வலைதான் நமக்கு வேண்டிய நார். அதைப் பீர்க்கங்கூடு என்றும் சொல்வார்கள்.

4. மருமகள் செய்த தவறு

மாமியார் ஊருக்குப் போய் வந்தார். காய்ந்த நுரைப்பீர்க்கு ஒன்றைக் கொண்டுவந்தார். குலுக்கினால் உள்ளே கலகல என்று சத்தம் கேட்டது. அடிமுனையில் வட்டமாக ஒரு மூடி இருந்தது. மூடி கழன்றதும் கறுப்பு விதைகள் உதிர்ந்தன. தட்டையான விதைகள்.

"இப்பவே நட்டிடலாம் அத்தை" என்றாள் மருமகள்.

"ஓணம் கழியட்டும் மக்களே. இப்ப நட்டா மழையில முத்தும்."

மருமகள் கேட்கவில்லை. அன்றைக்கே நட்டாள். கொடி நன்றாகத்தான் வளர்ந்தது. பூத்தது, காய்த்தது. ஐப்பசியில் காய்கள் முற்றத் தொடங்கின. அப்போது மழை வந்தது. காய்கள் காயவே இல்லை. கொடியிலேயே அழுகின. உரித்துப் பார்த்தால் நார் கறுத்திருந்தது. நாற்றம் அடித்தது.

மருமகளுக்கு அழுகை வந்தது. மாமியார் திட்டவில்லை. "விதை மிச்சம் இருக்குல்லா? அடுத்த ஓணம் வரட்டும்" என்றார்.

தவறு எங்கே? விதைத்த நாளில்தான். விதையிலிருந்து காய்ந்த நார் கிடைக்க நான்கு மாதம் முதல் ஐந்து மாதம் வரை ஆகும். திருவனந்தபுரத்தில் இரண்டு மழை. இடவப்பாதி மழை ஜூன் மாதம் தொடங்கும். துலாமழை அக்டோபர், நவம்பர் மாதங்களில் வரும். காய் முற்றும்போது வெயில் வேண்டும். செப்டம்பரில் விதைத்தால் ஜனவரி, பிப்ரவரியில் காய் முற்றும். அப்போது வானம் வெளுத்திருக்கும். அதனால்தான் மாமியார் ஓணம் கழியட்டும் என்றார்.

உங்கள் ஊரில் மழை எந்த மாதம்? வெயில் எந்த மாதம்? வெயில் மாதத்திலிருந்து ஐந்து மாதம் பின்னால் எண்ணுங்கள். அதுதான் உங்கள் விதைப்பு மாதம்.

5. விதைப்பது எப்படி?

விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். தோல் கெட்டி. ஊறினால் சீக்கிரம் முளைக்கும்.

நிலம் இருந்தால் குழி தோண்டுங்கள். குழி இரண்டடி அகலம் இருக்கட்டும். ஒன்றரை அடி ஆழம் போதும். மேல்மண்ணுடன் மக்கிய சாணி எருவைக் கலந்து நிரப்புங்கள். ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் ஆறடி இடைவெளி விடுங்கள்.

நிலம் இல்லையா? கிழக்கேகோட்டையில் பல வீடுகளுக்கு நிலம் இல்லை. மொட்டைமாடி போதும். பெரிய சிமெண்ட் சாக்கு அல்லது பழைய வாளி ஒன்று எடுங்கள். அடியில் துளை போடுங்கள். மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு சேர்த்து நிரப்புங்கள். சாக்கைத் தரையில் வைக்காதீர்கள். செங்கல் மேல் வையுங்கள். மாடித் தளம் ஈரமாகாது.

ஒரு குழியில் நான்கு விதை போடுங்கள். ஓர் அங்குல ஆழம் போதும். ஒரு வாரம் முதல் பத்து நாளில் முளைக்கும். இரண்டு வாரம் கழித்து நல்ல நாற்று இரண்டை மட்டும் விடுங்கள். சாக்கில் ஒன்றே ஒன்று போதும்.

மழை இல்லாத நாளில் தண்ணீர் ஊற்றுங்கள். வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது.

6. பந்தலும் பூவும்

பீர்க்கு படரும் கொடி. பற்றிக்கொள்ள இடம் வேண்டும். பந்தல் போடலாம். வேலியில் விடலாம். முருங்கை மரத்தில் ஏற்றலாம். மாடியில் கயிறு கட்டலாம்.

காய் கீழே தொங்க வேண்டும். தொங்கினால் நேராக வளரும். தரையில் கிடந்தால் வளையும், அழுகும். காய்ந்தால் கனம் குறையும். ஆனால் பச்சையில் கனம் அதிகம். பந்தல் உறுதியாக இருக்கட்டும்.

ஒன்றரை மாதத்தில் மஞ்சள் பூ வரும். நுரைப்பீர்க்கின் பூ விடிகாலையில் விரியும். வரிப்பீர்க்கின் பூ சாயங்காலம் விரியும். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் உண்டு. ஆண் பூக்கள் கொத்தாக வரும். பெண் பூ தனியாக வரும். பெண் பூவின் அடியில் சின்னப் பிஞ்சு தெரியும்.

தேனீ வந்தால் காய் பிடிக்கும். தேனீ வராவிட்டால் நீங்களே செய்யலாம். காலையில் ஆண் பூ ஒன்றைப் பறியுங்கள். இதழை நீக்குங்கள். அதன் தூளைப் பெண் பூவின் நடுவில் தொட்டு வையுங்கள்.

ஒரு கொடியில் ஐந்து அல்லது ஆறு காய்களை நாருக்கு விடுங்கள். மற்றவற்றைப் பிஞ்சிலேயே பறித்துச் சமையுங்கள். எல்லாவற்றையும் விட்டால் எதுவும் பருக்காது.

7. பூச்சி வந்தால்

பழ ஈ பிஞ்சில் குத்தி முட்டை இடும். உள்ளே புழு வரும். பிஞ்சு அழுகி விழும். பிஞ்சு விரல் நீளம் ஆனதும் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கட்டுங்கள். காகிதம் நனைந்தால் மாற்றுங்கள். காய் பருத்துத் தோல் கெட்டியானதும் எடுத்துவிடுங்கள். விழுந்த அழுகல் பிஞ்சை அங்கேயே விடக் கூடாது. ஆழமாகப் புதையுங்கள். இல்லாவிட்டால் அதிலிருந்து புது ஈக்கள் வரும்.

செவ்வண்டு இளம் இலையைத் தின்னும். காலையில் வண்டு மந்தமாக இருக்கும். கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

வேப்பெண்ணெய்க் கரைசலும் உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெய். 20 கிராம் பூண்டை அரைத்துச் சாறு எடுங்கள். 5 கிராம் சோப்பைக் கரையுங்கள். மூன்றையும் தண்ணீரில் நன்றாகக் கலக்கி வடிகட்டுங்கள். சாயங்காலம் இலையின் அடியில் தெளியுங்கள்.

சந்தேகம் வந்தால் பக்கத்துக் கிருஷி பவனில் கேளுங்கள். திருவனந்தபுரத்துக்கு அருகே வெள்ளாயணியில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது.

8. எப்போது பறிப்பது?

அவசரம் வேண்டாம். காய் நான்கு அடையாளம் காட்டும்.

ஒன்று: பச்சை நிறம் மாறி மஞ்சளாகும். பிறகு பழுப்பாகும்.
இரண்டு: கையில் எடுத்தால் கனம் இருக்காது.
மூன்று: குலுக்கினால் விதை சத்தம் போடும்.
நான்கு: அமுக்கினால் தோல் உள்ளே நாரைவிட்டுப் பிரியும்.

காய் மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள். பெருமழை வரும் போலிருந்தால் மஞ்சள் காயைப் பறித்துவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். பச்சைக் காயைப் பறித்தால் பயன் இல்லை. அதன் நார் கொழகொழ என்று நைந்து போகும்.

9. நார் எடுப்பது எப்படி?

இந்த வேலைக்கு ஒரு வாளியும் தண்ணீரும் போதும்.

முதலில் அடிமுனையின் மூடியை நீக்குங்கள். விதைகளைக் கொட்டுங்கள். நல்ல விதைகளைக் காகிதப் பொட்டலத்தில் கட்டி வையுங்கள். பொட்டலத்தின் மேல் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.

இரண்டாவது, காயைத் தண்ணீரில் அமுக்கி ஓர் இரவு ஊற வையுங்கள். மேலே ஒரு கல்லை வையுங்கள். இல்லாவிட்டால் மிதக்கும். நன்றாகக் காய்ந்து தோல் நொறுங்கினால் ஊற வைக்காமலும் உரிக்கலாம்.

மூன்றாவது, கையால் அமுக்கி உருட்டுங்கள். தோல் வெடிக்கும். உரித்து எடுங்கள்.

நான்காவது, நாரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். பிழிந்து பிழிந்து அலசுங்கள். வழவழப்பு முழுவதும் போக வேண்டும். வழவழப்பு மிஞ்சினால் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அழுக்குத் தண்ணீரைக் கொடிக்கே ஊற்றுங்கள்.

ஐந்தாவது, வெயிலில் காய வையுங்கள். அடிக்கடி திருப்புங்கள். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேண்டும். நார் மொடமொட என்று ஆகும்.

நாரில் கறை இருந்தால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் சிறிது நேரம் வையுங்கள். பிறகு அலசி வெயிலில் போடுங்கள். லேசான பழுப்பு நிறம் குறை அல்ல. அது நாரின் சொந்த நிறம்.

ஆறாவது, கத்தியால் துண்டு போடுங்கள். பாத்திரம் தேய்க்க மூன்று அங்குலத் துண்டு போதும். முதுகு தேய்க்க நீளமாக வெட்டுங்கள். ஒரு முனையில் கயிறு கட்டுங்கள். ஆணியில் மாட்ட வசதியாக இருக்கும்.

10. நாரைப் பயன்படுத்தும்போது

காய்ந்த நார் கடினமாக இருக்கும். தண்ணீரில் நனைத்தால் மென்மையாகும். நனைத்த பிறகே உடம்பில் தேயுங்கள். கைக்குழந்தைக்கு வேண்டாம். புண், சொறி, சிரங்கு உள்ள இடத்தில் வேண்டாம். ஒருவர் தேய்த்த நாரை இன்னொருவர் தேய்க்கக் கூடாது. குளிக்க ஒன்று, பாத்திரத்துக்கு வேறொன்று.

ஈர நாரில் கிருமி வளரும். 1994-இல் நியூயார்க்கில் மருத்துவர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஈரமான பீர்க்க நாரில் கிருமிகள் ஒரே இரவில் பெருகியதைக் கண்டார்கள். அதனால் மூன்று விதி:

தேய்த்ததும் அலசிப் பிழியுங்கள்.
வெயிலும் காற்றும் படும் இடத்தில் தொங்கவிடுங்கள்.
மாதம் ஒரு முறை நாரை மாற்றுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் நாரை வாரம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். பிய்ந்த நாரை உரக்குழியில் போடுங்கள். அது மக்கி மண்ணாகும். பிளாஸ்டிக் நார் மக்காது. தேயத் தேயத் தூளாகி ஓடைக்கும் கடலுக்கும் போகும்.

11. உலகம் அறிந்த நார்

கேரளத்தில் 'இஞ்ச' என்று ஒரு முள்கொடி உண்டு. அதன் பட்டையை நசுக்கி உடம்பு தேய்ப்பார்கள். பீர்க்க நாரும் இஞ்சயும் பழைய உறவுக்காரர்கள்.

பீர்க்க நாரை வெளிநாட்டில் லூஃபா என்பார்கள். அரபு மொழியிலிருந்து வந்த பெயர் அது.

இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பான் நாட்டில் இதை நிறையப் பயிர் செய்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கப்பல் எஞ்சின்களில் வடிகட்டியாக இந்த நாரை வைத்தார்கள். தண்ணீரை விடும், அழுக்கைப் பிடிக்கும். அந்த வலையின் குணம் அது.

தென் அமெரிக்காவில் பராகுவே என்று ஒரு நாடு. அங்கே எல்சா சால்டிவார் என்ற பெண்மணி கிராமப் பெண்களைச் சேர்த்துப் பீர்க்கு பயிரிட வைத்தார். பெண்கள் நாரில் பொருள்கள் செய்து விற்றார்கள். தரம் குறைந்த நார் மிஞ்சியது. அதைப் பழைய பிளாஸ்டிக்குடன் சேர்த்து வீட்டுச் சுவருக்குப் பலகை செய்தார்கள். இதற்காக 2008-இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

12. அடுத்த தை மாதம்

மருமகள் அடுத்த ஓணம் வரை காத்திருந்தாள். மாடியில் மூன்று சாக்கு வைத்தாள். மூன்று கொடி வளர்த்தாள். தை பிறந்தது. காய்கள் பழுத்து, பழுப்பாகி, காய்ந்தன. மாசியில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து உரித்தார்கள். நார் வெளுப்பாக வந்தது.

"பாத்தியா மக்களே?" என்றார் மாமியார். மருமகள் ஒரு துண்டை முகர்ந்து பார்த்தாள். வெயில் வாசம் அடித்தது.

பக்கத்து வீட்டுச் சேச்சிக்கு ஒரு துண்டு கொடுத்தாள். விதையும் கொடுத்தாள். எதிர்வீட்டு அக்கா கேட்டார். அவருக்கும் கொடுத்தாள். நார் வாங்க வந்தவர்கள் ஓடையைப் பற்றியும் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சந்தின் ஓடையைச் சுத்தம் செய்தார்கள். இனி ஓடையில் எதையும் எறிவதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

ஓடை அடைப்பு சின்ன விஷயம் இல்லை. 2015-இல் தம்பானூர், கிழக்கேகோட்டைப் பகுதியில் ஆபரேஷன் அனந்தா என்ற பெரிய வேலை நடந்தது. கால்வாய்களில் அடைத்த மண்ணையும் குப்பையையும் வாரினார்கள். பிறகும் குப்பை சேர்ந்தது. 2024 ஜூலையில் தம்பானூர் ரயில் நிலையப் பகுதியில், ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிர் இழந்தார். நாம் எறியும் குப்பையை இன்னொரு மனிதர் இறங்கி அள்ளுகிறார். இதை நாம் மறக்கக் கூடாது.

மறு ஆனியிலும் மழை பெய்தது. தண்ணீர் சந்துக்கு வந்தது. ஆனால் வாசற்படியோடு நின்றது. மூன்று பீர்க்கங்கொடி வெள்ளத்தைத் தடுக்குமா? தடுக்காது. சந்தில் உள்ளவர்கள் ஒன்று சேர்ந்ததுதான் பலன் தந்தது. அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது பீர்க்க நார்.

13. கணக்குப் போடுவோம்

ஒரு கொடியில் 6 காய். ஒரு காயில் 3 துண்டு. ஒரு கொடியில் எத்தனை துண்டு? 6 × 3 = 18.

மருமகள் வளர்த்தது 3 கொடி. மொத்தம் எத்தனை துண்டு? 18 × 3 = 54.

ஒரு வீட்டில் 4 பேர். ஒருவருக்கு மாதம் 1 துண்டு. ஓர் ஆண்டுக்கு எத்தனை வேண்டும்? 4 × 12 = 48.

மீதி எத்தனை? 54 − 48 = 6. அது பாத்திரம் தேய்க்க.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர்? எத்தனை கொடி வேண்டும்?

14. பேசுவோம், எழுதுவோம்

1. மருமகள் முதல் முறை விதைத்த நார் ஏன் கறுத்தது?
2. முற்றிய காயின் நான்கு அடையாளங்கள் எவை?
3. ஈர நாரை ஏன் குளியலறை மூலையில் போடக் கூடாது?
4. உங்கள் தெரு ஓடையில் என்னென்ன கிடக்கிறது? அதில் உங்கள் வீட்டுப் பொருள் உண்டா?
5. உங்கள் தாயார் காலத்தில் எதைக் கொண்டு உடம்பு தேய்த்தார்கள்? பாத்திரம் தேய்த்தார்கள்? பெரியவர்களிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.

செய்து பாருங்கள்: நுரைப்பீர்க்கு விதை நான்கு தேடுங்கள். பொட்டலத்தில் பெயரும் விதைக்க வேண்டிய மாதமும் எழுதி வையுங்கள். அந்த மாதம் வந்ததும் ஊறப் போடுங்கள்.